ஆறு செவந்து வந்தா மலை கரையுதுன்னு அர்த்தமா?

போன இதழ்ல மழைக்காலத்துல மலையாறு சொமந்துட்டு வர்ற மண்ணப் பத்தி போற போக்குல நாலு வரி எழுதிட்டேன், அதுக்கு இத்தன கடுதாசி வரும்னு நெனைக்கல. பாதிக்கு மேல மேட்டுப்பாளையம், சிறுமுகை, கோபி பக்கத்து ஆளுங்க. சில பேரு கேள்வி கேட்டிருக்காங்க, சில பேரு கேள்வியும் கேட்டு பதிலையும் அவங்களே எழுதிட்டாங்க. முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி (சிறுமுகை, வாழத் தோட்டக்காரர்): ஏனுங்க, நம்ம பவானி ஆடி மாசம் ஒருக்கா செவந்து வருது, ஐப்பசி கார்த்திகைல இன்னொருக்கா செவந்து வருது. இது எந்த மலை மண்ணுங்க? எவ்வளவு போகுதுன்னு நாமளே கண்டுபுடிக்க ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?

பதில்: நீங்க மாசத்த பிரிச்சு கேட்டீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்குதுங்க. ரெண்டு செவப்பும் ஒரே மண்ணு இல்ல. ஆடி மாசம் தென்மேற்குப் பருவமழை, அது மலையோட மேக்கால பக்கத்த நனைக்கும். பவானி நீலகிரில பொறந்து கேரளாவுக்குள்ள எறங்கி, முக்காலிகிட்ட கெழக்க திரும்பி, அட்டப்பாடி வழியா சிறுவாணியவும் சேத்துகிட்டு மறுபடி நம்ம பக்கம் வருது, அதனால ஆடிக் கலங்கல்ல குந்தா பக்கத்து மண்ணும் அட்டப்பாடி மண்ணும்தான் ஜாஸ்தி. ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு மழ, அது குன்னூர் கோத்தகிரி சரிவுல அடிக்கும், அந்தத் தண்ணி கல்லாறு வழியா நேரா உங்க தலைமேல எறங்குது. குன்னூர் சுமாரா 1,850 மீட்டர் ஒசரம், மேட்டுப்பாளையம் 330 மீட்டர்கிட்ட. ரயிலு இந்த ஒசரத்த ஏற 28 கிலோமீட்டர் சுத்தி சுத்தி பல்சக்கரத்தப் புடிச்சுகிட்டு போகுது, தண்ணிக்கு அந்த சோலியெல்லாம் இல்ல, ஒரே பாய்ச்சல்தான்.

இதுல இன்னொரு சங்கதி. ஆடித் தண்ணி பில்லூர் டேமத் தாண்டித்தான் வரணும். டேமுக்குள்ள வேகம் கொறஞ்சதும் கல்லு, பருமணல் எல்லாம் அங்கயே படுத்துக்கும், கேட்டு தொறக்கறப்ப நமக்கு வர்றது பெரும்பாலும் பொடி மண்ணு, களி. கல்லாத்துத் தண்ணிக்கு நடுவுல அப்படி பெரிய டேம் இல்ல, கல்லு, மணலு, வேரு, வெறகு எல்லாம் சேந்து வரும். நம்மாளுக வெச்ச பேரே கல்லாறுதானுங்களே, இதுக்கு மேல எந்த மேப்பு வேணும்.

எவ்வளவுன்னு கேட்டீங்க. கண்ணாடி பாட்டில் ஒண்ணு எடுங்க, ஆறு நல்லா கலங்கி போறப்ப கரையில பத்திரமா நின்னு (பாலத்துல இருந்து கயித்துல பக்கெட் வுட்டா இன்னும் நல்லது) தண்ணி மோந்து, திண்ணைல ஆடாம வெச்சுருங்க. ஒரு சாண் ஒசரத்துக்கு தண்ணி இருந்தா மணலு அர நிமிஷத்துல அடில உக்காந்துரும். அடுத்தது வண்டல், அது பத்து நிமிஷத்துல இருந்து சில மணி நேரம் வரைக்கும் எடுக்கும். களி மட்டும் ஒரு நாள் ஆனாலும் மேல மங்கலாவே நிக்கும். மூணு வரியா பிரிஞ்சு நிக்கறத பாத்தீங்கன்னா ஆறு எத சொமந்துட்டு வருதுன்னு தெரிஞ்சுரும். மத்திய நீர் ஆணையக்காரங்களும் மண்ண மூணு ரகமாப் பிரிக்கறாங்க, ஆனா அவங்க அளவு கொஞ்சம் வேற, 0.2 மில்லிமீட்டருக்கு மேல பருசு, 0.2ல இருந்து 0.075 வரைக்கும் நடுத்தரம், அதுக்குக் கீழ பொடி.

இப்ப கணக்கு. ஒரு லிட்டர் தண்ணிய வடிகட்டி, அந்த மண்ண காய வெச்சு நகைக்கடை தராசுல போடுங்க. ஒரு கிராம் வந்துச்சுன்னு வெச்சுக்குவோம். அன்னிக்கு ஆத்துல செகண்டுக்கு 3,500 கனஅடி போகுதுன்னு பேப்பர்ல போட்டிருந்தா அது செகண்டுக்கு சுமாரா 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர். லிட்டருக்கு ஒரு கிராம்னா செகண்டுக்கு 100 கிலோ மண்ணு. மணிக்கு 360 டன். பத்து டன் டிப்பர்ல அள்ளுனா மணிக்கு 36 லோடு! பாக்கறதுக்கு டீ மாதிரி இருக்கற தண்ணிக்குள்ள இவ்வளவு இருக்குதுங்க. ஆனா இதுல மெதக்கற மண்ணு மட்டும்தான் சேரும், அடில உருண்டுட்டுப் போற கல்லும் மணலும் பாட்டில்ல சிக்காது, அதுக்கு வேற வழி, கடேசி கேள்வில சொல்றேன்.

தலைப்புக்கு வர்றேன். ஆறு செவந்தா மலை கரையுதுன்னு நேரா சொல்லிற முடியாதுங்க. மலைல பேந்த மண்ணு அன்னிக்கே ஆத்துக்கு வராது. பாதி சரிவுக்கு அடில குவிஞ்சு நிக்கும், கொஞ்சம் ஓடை வளைவுல ஒதுங்கும், கொஞ்சம் கரையோரத் திட்டா ஒக்காந்து அதுமேல மரமே மொளச்சுரும். இன்னிக்கு உங்க வாய்க்கால்ல வர்ற செவப்புல போன வாரம் பேந்த மண்ணும் இருக்கும், உங்க அப்பாரு காலத்துல பேந்து இத்தன நாள் எங்கயோ தூங்கிட்டிருந்த மண்ணும் இருக்கும். அதனால எங்கிருந்து வருதுங்கறதோட நிக்காம எங்க எங்க தங்குதுன்னும் பாக்கணும், அதுக்குத்தான் நெலத்தோட வடிவத்த மேப் போடறதே.

கேள்வி (கோவை, காலேஜ் ஸ்டூடண்ட்): சார், எனக்கு ப்ராஜெக்ட் மலை நீர்ப்பிடிப்பு பகுதில நில வடிவங்களையும் மண் நகர்வையும் மேப் போடறது. கைடு டெம் (நெலத்தோட ஒசரத்த கட்டம் கட்டமா சொல்ற டேட்டா) டவுன்லோட் பண்ணி சாஃப்ட்வேர்ல போடுன்னு சொல்லிட்டாரு. கலர் கலரா மேப் வந்துருச்சு. ஆனா வைவால என்ன கேப்பாங்கன்னு பயமா இருக்கு.

பதில்: தம்பி, பயம் நல்லதுதான். கலர் மேப் கம்ப்யூட்டர் போட்டது, உன்ற மேப் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

நீ எறக்குன ஒசர டேட்டா பெரும்பாலும் எஸ்ஆர்டிஎம் ஆத்தான் இருக்கும். 2000 பிப்ரவரில எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுத்தி ரேடார்ல எடுத்தது, ஒரு கட்டம் 30 மீட்டர். இதுல ரெண்டு கோளாறு. ஒண்ணு, அந்த ரேடார் அடர்த்தியான மரத்துக்குள்ள பூந்து தரைய முழுசா பாக்காது, சோலைக்காடு இருக்கற எடத்துல அது சொல்ற ஒசரத்துல மரத்தோட ஒசரமும் சேந்துருக்கும், பக்கத்துல டீத் தோட்டம் இருந்தா நடுவுல ஒரு செவுரு இருக்கற மாதிரி காட்டும், நீ அத பாறைச் சரிவுன்னு எழுதிட்டு வந்து நிப்ப. ரெண்டாவது, 30 மீட்டர் கட்டத்துக்குள்ள ஒரு முழு மண்சரிவே ஒளிஞ்சுக்கும். குன்னூர் ரோட்டுல நாம பாக்கற சரிவு பலதும் பத்து இருபது மீட்டர் அகலம்தான்.

அதனால மொதல்ல சர்வே ஆஃப் இந்தியா டோபோஷீட் (மேடுபள்ளம் காட்டற மேப்) எடு, 1:50,000 அளவு, அதாவது மேப்புல ஒரு சென்டிமீட்டர்னா தரைல அர கிலோமீட்டர், நீலகிரிக்கு 58ஏ வரிசை. 20 மீட்டருக்கு ஒரு கான்டூர் கோடு, அதாவது ஒரே ஒசரத்துல இருக்கற எடங்கள சேத்து இழுத்த கோடு. அந்தக் கோடுகள ஒரு நா பூராவும் வெறுமனே உக்காந்து பாரு, நெசமாத்தான் சொல்றேன். கோடு நெருங்கியிருக்கற எடம், திடீர்னு விரியற எடம், ஓடைல வி மாதிரி வளையற எடம் எல்லாத்தையும் பென்சில்ல குறி. அப்பறம் ஒசர டேட்டால நெழல் மேப் போடு, வெளிச்சத்த ஒரே பக்கமிருந்து மட்டும் அடிக்காம நாலு பக்கமிருந்தும் அடிச்சுப் பாரு, ஒரு பக்கம் பாத்தா தெரியாத குழி இன்னொரு பக்கம் தெரியும். கூகுள் எர்த்ல பழைய படமெல்லாம் தள்ளித் தள்ளிப் பாக்கலாம், சரிவு எந்த வருஷத்துக்கும் எந்த வருஷத்துக்கும் நடுவுல வந்துச்சுன்னு அதுல சிக்கும். சென்டினல் 2 சாட்டிலைட் படம் 10 மீட்டர், காசு இல்லாம கெடைக்கும், மழைக்கு முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு எடுத்து பக்கத்துல வெச்சுக்கோ. நம்ம இஸ்ரோவோட புவன் தளத்துலயும் ஒசர டேட்டா இருக்குது. இந்திய புவியியல் ஆய்வுத்துறை மண்சரிவு வாய்ப்பு மேப்ப 1:50,000 அளவுல போட்டு வெச்சிருக்காங்க, உன்ற மேப்ப அதோட ஒப்பிட்டுப் பாரு, ஆனா அதையே காப்பி அடிச்சுராத, கண்டுபுடிச்சுருவாங்க.

இதுக்கு அப்பறம் நட. நான் சொல்றத எழுதிக்க: ஒவ்வொரு மண்சரிவு, ஒவ்வொரு மண்குவியல் கிட்டயும் நின்னு ஒரே ஒரு கேள்வி கேளு, இந்த மண்ணு ஓடையத் தொடுதா தொடலையா? சரிவு பெருசா இருக்கும், ஆனா அடில ஒரு சமதளம் இருந்து மண்ணு பூராவும் அதுல படுத்துகிட்டா ஆத்துக்கு அதனால இப்போதைக்கு ஒண்ணுமில்ல. இன்னொன்னு சின்னதா இருக்கும், ஆனா ரோட்டோர சாக்கடை ஒண்ணு அத நேரா ஓடைல கொண்டுபோய் சேத்துரும். மலைரோடு வெட்டறப்ப நாம பண்ற பெரிய வேலையே இதுதான், தங்கி தங்கி வந்துட்டிருந்த மண்ணுக்கு எக்ஸ்பிரஸ் பஸ் வுட்ட மாதிரி. மேப்புல தொடற சரிவுக்கு ஒரு கலர், தொடாத சரிவுக்கு ஒரு கலர் குடு. என்கிட்ட ஒரு மேப்ப கொண்டாந்து காட்டுனா நான் மொதல்ல அதத்தான் தேடுவேன்.

மலை முடிஞ்சு சமவெளி ஆரம்பிக்கற எடத்த வுட்றாத. ஓடை மலைய வுட்டு வெளிய வந்ததும் சரிவு கொறஞ்சு, சொமந்துட்டு வந்த கல்லையும் மண்ணையும் விசிறி மாதிரி பரப்பிப் போட்டுரும். வெள்ளியங்கிரி அடிவாரத்துப் பக்கம் போனா தோட்டத்துல கெணறு வெட்டறவங்ககிட்ட கேளு, எத்தன அடில உருண்டைக்கல்லு வந்துச்சு, எத்தன அடில செம்மண்ணு வந்துச்சுன்னு அட்சரம் பிசகாம சொல்லுவாங்க. போரு போடாமயே உனக்கு ஆழக்கணக்கு கெடைச்சுரும். அவங்க சொன்னத ரிப்போர்ட்ல எழுது, வெக்கப்படாத.

கேள்வி (கோத்தகிரி, டீத் தோட்டம் வெச்சிருக்கற அம்மா): 2009ல எங்க பக்கம் வந்த மண்சரிவ மறக்க முடியாது. இப்ப அந்த எடமெல்லாம் செடி மொளச்சு பச்சையா மூடிருச்சு. ஆனா மழை வந்தா ஓடை இன்னும் கலங்கலாத்தான் வருது. சரிவு ஆறிடுச்சுன்னா கலங்கலும் நிக்கணும் இல்லையா?

பதில்: அம்மிணி, அந்த நவம்பர் மாசத்த மலைல இருக்கறவங்க யாரும் மறக்க மாட்டாங்க, 40 பேருக்கு மேல உசுரு போச்சு. அதுக்கு முன்னால 1978, 79லயும் நீலகிரில பெரிய சரிவுங்க வந்துச்சு. நம்ம மலை அடில சார்னோகைட் பாறை, கெட்டிப் பாறை, ஆனா அது மேல ரொம்ப காலமா மக்கிப்போன செம்மண்ணு ஆழமா நிக்குது. நாள் கணக்குல மழ பேஞ்சு ஊறுனா அந்த மண்ணுக்குள்ள தண்ணி அழுத்தம் ஏறி புடிப்பு வுட்டுரும், பாறைக்கும் மண்ணுக்கும் நடுவுல வழுக்கிரும்.

நீங்க கேட்டதுக்கு வெளிநாட்டுக் கதை ஒண்ணு சொல்றேன், பழசுதான் ஆனா இத வுட நல்லா சொல்ல முடியாது. கலிபோர்னியால 1850கள்ல தங்கம் எடுக்கறேன்னு பைப்புல தண்ணியப் பீச்சியடிச்சு மலையவே கரைச்சாங்க. கீழ விவசாயிங்க நெலமெல்லாம் மூடிப்போயி, வழக்கு போட்டு, 1884ல கோர்ட்டு நிறுத்திருச்சு. நின்னுதா? மலைல வேலை நின்னுச்சு, ஆத்துல மண்ணு நிக்கல. கில்பர்ட்டுன்னு ஒரு புவியியல் ஆளு அத அளந்து 1917ல எழுதுனாரு, மண்ணு ஒரு அலை மாதிரி வருசக்கணக்குல மெதுவா கீழ எறங்கிட்டே இருக்குது, மேல ஓடை பழையபடி ஆழமானதுக்கு அப்பறமும் கீழ ஆத்தோட அடி ஒசந்துட்டே இருந்துச்சுன்னு.

உங்க ஓடைலயும் கிட்டத்தட்ட அதேதான். சரிவு ஆறிடுச்சு, ஆனா அதுல எறங்குன மண்ணு ஓடைக்கரைல திட்டா ஒக்காந்திருக்கு, ஒவ்வொரு மழைக்கும் தண்ணி அந்தத் திட்டோட கால அரிக்குது. ஒரு நா மழ விட்டதும் ஓடையோரமாவே மேல நடந்து பாருங்க, கலங்கல் எந்த எடத்துல இருந்து ஆரம்பிக்குதுன்னு தெரியும். சரிவுக்குப் பக்கத்துல தண்ணி தெளிவா இருந்து கீழ கலங்குனா கரை அரிப்பு. மேலயே கலங்கலா இருந்தா தோட்டம், ரோடு, இல்ல கேரட் உருளைக்கிழங்கு போட்ட காடு. டீச்செடி நல்லா மூடியிருக்கற தோட்டம் அவ்வளவு மண்ண வுடாது, மலைக்காய் போட கெளறி வுட்ட நெலத்துல ஐப்பசி மழ அடிச்சாத்தான் தாங்காது. சொன்னா சண்டைக்கு வருவாங்க, ஆனா சரிவுக்கு குறுக்க பாத்தி போடறதுக்கு பதிலா மேலிருந்து கீழ நீளமா வரப்பு போடற பழக்கத்த மட்டும் விட்டாலே நெறைய மண்ணு மிஞ்சும்.

கேள்வி (சத்தியமங்கலம்): பவானிசாகர் 120 அடின்னு சொல்றாங்க, 15 அடி சகதி போக 105 அடின்னும் சொல்றாங்க. 15 அடி முழுக்க சேறா?

பதில்: தோசைமாவு ஊத்துன மாதிரி டேம் பூராவும் 15 அடிக்கு சமமா சேறு நிக்குதுன்னு யாரும் நெனச்சுராதீங்க. மண்ணு அப்படிப் படியாது. ஆறு டேமுக்குள்ள நொழையற வாய்லயே வேகம் செத்துரும், கல்லும் மணலும் அங்க குவிஞ்சு திட்டா வளரும், பொடிமண்ணு மட்டும்தான் அணை சுவரு வரைக்கும் வரும். 1955ல கட்டி முடிச்சதுல இருந்து பவானி ஒரு பக்கம் மாயாறு ஒரு பக்கம்னு ரெண்டு வாய் வழியா சேந்துட்டிருக்கு. தண்ணி வத்துறப்ப லிங்காபுரம், காந்தவயல் பக்கம் போய்ப் பாருங்க, வாழை போட்டிருப்பாங்க, ஏன் அங்க வாழ அப்படித் தள தளன்னு வருது? அத்தனையும் மலைல இருந்து எறங்குன புது வண்டல். டேம் ரொம்பினா அதே வாழ முங்கி நிக்கும், அது வேற கண்ணீர்.

நெசமா எவ்வளவு படிஞ்சுதுன்னு பாக்க படகுல எதிரொலிக் கருவிய வெச்சுகிட்டு குறுக்கும் நெடுக்கும் போய் அடியோட ஆழத்த அளந்து, கட்டறப்ப இருந்த தரை மேப்போட கழிச்சுப் பாக்கணும். மொத்த மண்ணு கெடைக்கும், அத வருசத்தால வகுத்தா மலை வருசத்துக்கு சராசரியா எவ்வளவு அனுப்புதுன்னு வரும். ஒரு வகைல டேமுதான் நம்மகிட்ட இருக்கற பெரிய பாட்டில்.

கேள்வி (தொண்டாமுத்தூர்): எங்க பள்ளத்துல தடுப்பணை கட்டுனாங்க, மூணே வருசத்துல மண்ணு ரொம்பி மேடாயிருச்சு. வேஸ்ட்டுதான?

பதில்: ரொம்புனது வேஸ்ட் இல்லீங்க, ரொம்புனதுக்கு அப்பறம் அள்ளாம வுட்டதுதான் வேஸ்ட். நொய்யல்ல பெரியவங்க அணைக்கட்டு, வாய்க்கா, குளம்னு வரிசையா வெச்சது தண்ணிக்கு மட்டுமா, வண்டலுந்தான் அதுல அங்கங்க எறங்குச்சு, கோடைல குளத்துல எறங்கி கரம்பை (குளத்து வண்டல்) அடிச்சு காட்டுக்குப் போட்டாங்க. ஒண்ணு கவனிங்க, தடுப்பணைக்குக் கீழ தெளிஞ்சு போற தண்ணி வெறுங்கையோட போகுது, அதுக்கு மண்ணு பசி, கீழ இருக்கற கரையத் தின்னும். உங்க தடுப்பணைக்கு கீழ ரெண்டு பக்கமும் கரை சரியுதான்னு பாத்து எழுதுங்க.

கேள்வி (அவிநாசி): கரம்பை எடுக்க யார்கிட்ட போகணும்?

பதில்: தாலுகா ஆபீஸ். விஏஓகிட்ட பட்டா விவரத்தோட மொதல்ல பேசிக்குங்க.

கேள்வி (மேட்டுப்பாளையம், ஏழாம் வகுப்பு): கல்லாத்துல தண்ணி முழங்கால் அளவுதான் இருக்கு. அவ்வளவு பெரிய கல்லு எப்படி வந்துச்சு? ஏன் உருண்டையா இருக்கு?

பதில்: கண்ணு, இந்த தடவ வந்த கேள்விலயே இதுதான் டாப். நீ பாக்கற தண்ணி அந்தக் கல்லக் கொண்டுட்டு வரல. வருசத்துல ரொம்ப நாளு அந்தக் கல்லு சும்மா படுத்துகிட்டுதான் கெடக்கும், எப்பவாச்சும் ஒரு பேய்மழைல சில மணி நேரம் மட்டும் எந்திரிச்சு உருளும், மறுபடி படுத்துக்கும். உருளறப்ப ஒண்ணோட ஒண்ணு முட்டி மோதி முக்கெல்லாம் ஒடஞ்சு தேஞ்சு போகும், அதான் உருண்டை. மேல போகப் போக கல்லு முக்கு முக்கா இருக்கும், கீழ வர வர மழமழன்னு ஆகும், நீயே ரெண்டு எடத்துல பத்து பத்து கல்லு எடுத்து வெச்சுப் பாரு.

களிமண்ணுக்கு நேர்மாறு. ஒட்டிகிட்டு இருக்கறதால அத பேக்கறதுக்கு மணல பேக்கறத வுட வேகம் வேணும், ஆனா பேந்துட்டா லேசா அசையற தண்ணி கூட எத்தனையோ மைல் தூக்கிட்டுப் போயிரும்.

கல்லு எவ்வளவு தூரம் போகுதுன்னு தெரியணுமா? நான் சின்ன வயசு உத்தியோகத்துல பண்ணுனது: ஓடைக்குக் குறுக்க ஒரு வரிசைல கல்லுங்களுக்கு மஞ்சப் பெயிண்ட் அடிச்சு, நம்பர் எழுதி, பக்கத்து மரத்துல அடையாளம் வெச்சுட்டு வந்தேன். எங்கம்மா ‘என்றா, கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிக்கறே?’ன்னு சிரிச்சாங்க. ஒரு மழைக்கு அப்பறம் போனா சின்னக் கல்லுல பாதிய காணோம், பெருசு ரெண்டு அசையவே இல்ல, ஒண்ணு மட்டும் எங்கயோ கீழ ஒரு பாறை இடுக்குல தலைகீழா மாட்டிட்டு இருந்துச்சு. இப்பெல்லாம் கல்ல தொளச்சு உள்ள சின்ன சிப்பு வெச்சு கருவில தேடறாங்க, அது வசதி, ஆனா பெயிண்ட்டும் மோசமில்ல.

பண்றதா இருந்தா மழ இல்லாத மாசத்துல, அப்பாவையோ மாமாவையோ கூட்டிட்டுப் போய் அடி. மழைக்காலத்துல தேடப் போகாத. குன்னூர்ல பேஞ்சா மேட்டுப்பாளையத்துல வெயிலடிக்கறப்பவே கல்லாத்துல வெள்ளம் வந்துரும், சத்தம் கேட்டு ஓடறதுக்குள்ள கால எடுத்துரும். தை பொறந்து தண்ணி எறங்குனதுக்கு அப்பறம் போய், எந்த நம்பர் எத்தன அடி போச்சுன்னு நோட்டுல எழுதி எனக்கு அனுப்பு.